ரிமோட்டில் இருந்த சூரியன்

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று ஹீட்டர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. மூன்றையும் வாங்கியது நான்தான். மூன்று குளிர்காலம், ஒவ்வொரு முறையும் பழையது கரண்டைக் குடிக்கிறது என்ற கோபம். முதலில் 2000 வாட் ஃபேன் ஹீட்டர். பில் வந்ததும் அதைத் தூக்கி மேலே போட்டுவிட்டு, "ஆயில் ஹீட்டர்தான் சிக்கனம்" என்று நாலு பேர் சொன்னதை நம்பி 1500 வாட்டில் ஒன்று, நகர்த்தச் சக்கரம் வைத்தது, ஆனால் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் கனம். அடுத்த வருஷம் அதுவும் கையைக் கடிக்க, சிவப்பாக ஒளிரும் குழாய் வைத்த குவார்ட்ஸ் ஹீட்டர். அதன் அட்டைப்பெட்டியில் ‘மின்சாரம் மிச்சம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீடு சூடானதா என்றால், ஆனது. பில் குறைந்ததா என்றால், அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு ஹீட்டர் காசு மிஞ்சியிருக்கும். பிளக்கில் செருகி, ஒரு கம்பியையோ குழாயையோ பழுக்க வைத்துச் சூடு தருகிற எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், அதாவது ஏறக்குறைய 860 கிலோகலோரி. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மற்ற மெஷின்களில் வீணாகிற மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது, இங்கே நமக்கு வேண்டியதே அந்தச் சூடு, அதனால் ஹீட்டருக்கு வீணாக்கவே தெரியாது. அப்படியானால் எண்ணெய், செராமிக், கார்பன் என்று விதவிதமாக விலை போட்டு விற்பது எதற்கு? சத்தம், தோற்றம், தொட்டால் சுடுமா, சூடு எந்தப் பக்கம் போகும், இதற்கெல்லாம்தான் அந்த விலை. சிக்கனத்துக்கு இல்லை.

ஆயில் ஹீட்டரை அணைத்த பிறகும் அரைமணி நேரம் கதகதப்பு இருக்கிறதே, அது லாபக் கணக்கில் வராதா என்று நானும் கேட்டவன்தான். வராது. போட்டவுடன் அரைமணி நேரம் அறையைக் கண்டுகொள்ளாமல் தன் வயிற்றில் இருக்கும் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்ததே, அந்தக் கடனைத்தான் பிறகு திருப்பித் தருகிறது.

சுவர் பிளக்கிலேயே ஒட்டிக்கொள்ளும் உள்ளங்கை அளவு ஹீட்டர் வீட்டையே சூடாக்கும் என்று ஒரு விளம்பரம் வரும், பார்த்திருப்பீர்கள். அடியில் பொடி எழுத்தில் 400 வாட் என்று இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது, ஆக அந்தப் பெட்டி நாலு விருந்தாளிக்குச் சமம். நாலு பேர் வந்து உட்கார்ந்ததால் எந்த வீடாவது முழுக்கச் சூடாகியிருக்கிறதா? மெழுகுவர்த்தியை ஏற்றி மேலே மண்தொட்டியைக் கவிழ்க்கும் வீடியோவும் இதே ரகம்தான். சின்னக் கிண்ண மெழுகுவர்த்தி ஒன்று 40 வாட் தேறினால் பெரிது. தொட்டி அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர கூட்டித் தராது. தீப்பிடிக்கும் பயம் வேறு.

கரண்ட் கணக்கு எல்லா ஹீட்டருக்கும் ஒன்றுதான் என்றாலும், சூடு எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. அம்மா எங்களோடு வந்து தங்கிய முதல் குளிர்காலம், ஹாலில் ஃபேன் ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு நெற்றியில் லேசாக வேர்வைகூட வந்துவிட்டது. அம்மா நாற்காலியில் இரண்டு காலையும் மேலே தூக்கி மடித்துப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "ஏம்பா, மூஞ்சி வேகுது, கால் மட்டும் ஐஸ்கட்டியா இருக்கு, இது என்ன மெஷின்?" என்று கேட்டார். எனக்குச் சந்தேகம் வந்து தெர்மாமீட்டரைத் தரையில் வைத்துப் பார்த்தேன், 17 டிகிரி. அலமாரி உச்சியில் வைத்துப் பார்த்தேன், 25. நான் காசு கொடுத்துச் சூடாக்கியது சீலிங்கை. சூடான காற்று லேசானது, மேலே ஏறிவிடும், அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த விதத்தில் குவார்ட்ஸ் ஹீட்டர் கொஞ்சம் மேல். அது காற்றை விட்டுவிட்டு எதிரே இருக்கிற ஆளை வெயில் மாதிரி நேரடியாகச் சுடும், பத்து நிமிஷம் உட்கார்ந்து ஷூ மாட்டுகிற இடத்துக்கு, ஜன்னல் ஓரம் படிக்கிற நாற்காலிக்கு நல்லது. எழுந்து நகர்ந்தால் அவ்வளவுதான், குளிரும்.

சரி, எவ்வளவு இழுக்கிறது? 1500 வாட் ஹீட்டர் விடாமல் எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். முப்பது நாளுக்கு 360 யூனிட், ஒரே ஒரு பெட்டிக்கு. அந்த அறையில் எரிகிற 9 வாட் எல்இடி பல்பு அதே எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. குளிர்காலத்தில் "லைட்டை அணை, லைட்டை அணை" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டே ஹீட்டரை ஓடவிட்டிருந்த என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் ஒருநாள் பழைய பில்லின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எந்த ஹீட்டர் மலிவு என்று கேட்பதை விட்டுவிட்டு, அறைக்குள் வந்து சேருகிற ஒரு யூனிட் சூட்டுக்கு எனக்கு என்ன செலவு என்று கேட்க வேண்டும். எரிபொருளின் விலையை அது தருகிற யூனிட்டால் வகுத்து, அதை அடுப்பின் திறனால் இன்னொரு முறை வகுத்தால் போதும். சமையல் கேஸ் ஒரு கிலோவில் சுமார் 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஒரு லிட்டரில் சுமார் 10. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4. பச்சை விறகு என்றால் அதன் எடையில் பாதி தண்ணீர், எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும், மிச்சம் கைக்கு வருவது ஏறக்குறைய பாதிதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை. சில இடங்களில் கேஸ் ஜெயிக்கும், சில இடங்களில் விறகு. விடை ஊருக்கு ஊர் மாறும் என்பதால்தான் "எங்க வீட்ல இதுதான் சூப்பர்" என்று சொல்கிறவர்களை நான் இப்போது காதில் வாங்குவதில்லை.

விறகு சும்மா கிடைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்த கணப்பில் எரித்தால் நூறில் பத்து இருபது பங்குதான் அறைக்கு, மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்கு. போகிற போக்கில் அறையில் இருந்த சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வரும், அதனால் நெருப்புக்கு முன்னால் முகம் காயும், பின்முதுகு விறைக்கும். கதவு வைத்த இரும்பு அடுப்பில் அதே விறகு 60, 70 பங்கைக் கொடுக்கும். விறகை வெட்டி, மழை படாமல், காற்றோட்டமாக ஒரு வருஷமாவது அடுக்கி வைத்திருக்க வேண்டும். எரியும்போது ‘உஸ்’ என்று நுனியில் நுரை தள்ளினால் இன்னும் காயவில்லை. புகைபோக்கியில் படிகிற கரியை வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கச் சோம்பல்படுகிறவர்கள் விறகுப் பக்கமே போகக் கூடாது, அந்தக் கரியே ஒருநாள் தீப்பிடிக்கும்.

இங்கே சிக்கனத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். எது மலிவாக இருந்தாலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுவராதீர்கள். எங்கள் மாடிக்காரர் ஒரு முறை, சமைத்து முடித்த கரி வீணாகப் போகிறதே, தணலை இரும்புச் சட்டியில் எடுத்துப் படுக்கையறையில் வைத்தால் விடியும் வரை கதகதப்பு, என்று யோசனை சொன்னார். புகை வராத தணல்தான் மிக மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, லேசான குமட்டல், தூக்கம் சொக்கும், குளிருக்கு இதமாகத்தான் தூக்கம் வருகிறது என்று நாமே நினைத்துக்கொள்வோம். அப்படியே தூங்கி எழாமல் போன குடும்பங்கள் எத்தனையோ உண்டு. எரிகிற எதுவாக இருந்தாலும் புகை வெளியே போகக் குழாய் இருக்க வேண்டும், அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்க வேண்டும். மாடிக்காரரிடம் இதைச் சொன்னபோது "எங்க தாத்தா காலத்துல..." என்று ஆரம்பித்தார். தாத்தா வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்திருக்கும், நமக்கு ரப்பர் பட்டை போட்ட ஜன்னல்.

குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரில் இன்னொரு தொல்லை, அது தண்ணீர் தயாரிக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். காலையில் ஜன்னல் கண்ணாடி வழியும், மூலையில் சுவர் கறுக்கும், பூஞ்சை வாசம் வரும். அதை ஓட்ட ஜன்னலைத் திறந்தால் சூடெல்லாம் வெளியே.

இனி என் முட்டாள்தனத்தின் உச்சம். எங்கள் படுக்கையறையில் ஓர் இன்வெர்ட்டர் ஏசி இருக்கிறது. ஏசி என்றால் குளிர், அதனால் குளிர்காலம் வந்ததும் தூசி படாமல் இருக்கப் பழைய பெட்ஷீட்டால் அதை மூடிக் கட்டி வைப்பது என் வழக்கம். மூன்று குளிர்காலமும் அந்த மூட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் ஹீட்டரில் குளிர்காய்ந்திருக்கிறேன். போன வருஷம் ரிமோட்டில் பேட்டரி மாற்றும்போது தெரியாமல் எதையோ அழுத்த, திரையில் பனித்துகள் படம் போய்ச் சின்னதாக ஒரு சூரியன் வந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஹீட் இருக்கா? இத்தனை நாளா?" என்றாள், மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதுதான் வலித்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, நான் பெட்ஷீட் போட்டு மூடி வைத்துவிட்டு அலைந்திருக்கிறேன்.

இதன் சூட்சுமம் இவ்வளவுதான். கோடையில் ஏசியின் வெளி யூனிட் பக்கம் போனால் அனல் அடிக்கிறதல்லவா, அது அறையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய சூடு. அந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் வெளியிலிருந்து அள்ளி உள்ளே கொட்டும். குளிர்ந்த காற்றில் அள்ள என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். வெப்பமே இல்லாத நிலை என்பது மைனஸ் 273 டிகிரி, அதோடு பார்த்தால் 0 டிகிரிக் காற்றிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஹீட்டர் கரண்டைச் சூடாக மாற்றுகிறது, இது கரண்டை வண்டிக்கூலியாக மட்டும் வாங்கிக்கொண்டு சூட்டைச் சுமந்து வருகிறது, அதனால் ஒரு யூனிட் கொடுத்தால் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். இப்படிச் சூட்டைச் சுமக்கும் மெஷினுக்கு ஹீட் பம்ப் என்று பெயர், இந்த மடங்கைத்தான் சி.ஓ.பி. என்கிறார்கள். நான் நம்பாமல் மீட்டரைப் பார்த்து எழுதினேன், ஒரே மாதிரி குளிர் இருந்த இரண்டு இரவுகள், ஐந்து ஐந்து மணி நேரம். ஆயில் ஹீட்டர் 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஏசி இரண்டரை.

குறை இல்லாமல் இல்லை. வெளியே குளிர் கூடக்கூட மடங்கு இறங்கும், மூன்று இரண்டரையாகும், கடுங்குளிரில் இரண்டுக்கும் வரும். உறையும் குளிருக்கென்றே தனி மாடல்கள் உண்டு. ஈரப்பதமும் குளிரும் சேர்ந்தால் வெளி யூனிட்டில் பனி படியும், அதை உருக்க மெஷின் தானாகவே சில நிமிஷம் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும். இது தெரியாமல் முதல் வாரம் நான் அலறியே விட்டேன். திடீரென்று உள்ளே காற்று நின்றது, வெளியே பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், ஜன்னல் வழியே பார்த்தால் யூனிட்டிலிருந்து வெள்ளையாகப் புகை. மெயினை அணைக்க ஓடியே போனேன். அது வெறும் நீராவி. தவிர, குளிர மட்டும் வைக்கிற ஏசிகளும் நிறைய இருக்கின்றன, உங்கள் ரிமோட்டில் சூரியன் இருந்தாலும் மெஷினுக்கு அந்த வசதி உண்டா என்று மாடல் எண்ணை வைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், ஒரே ரிமோட்டைப் பல மாடலுக்கும் கொடுப்பதுண்டு. ஃபில்டரைக் கழுவுங்கள். காற்றை வீசும் தகடுகளைக் கீழ் நோக்கித் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் மறுபடியும் சீலிங் கதைதான்.

கேஸா, ஹீட் பம்பா என்று யோசிக்கிறவர்களுக்குக் கணக்கு சுலபம். ஒரு யூனிட் சூட்டுக்கான கேஸ் செலவைப்போல மின்சாரம் மூன்று மடங்கு விலை என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். இரண்டு மடங்குதான் என்றால் ஹீட் பம்ப் ஜெயித்தது. நாலு மடங்கு என்றால் கேஸை மாற்றாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும். ஆனால் ஏசியே இல்லாத வீட்டில் வருஷத்துக்கு மூன்று வாரக் குளிருக்காகப் புதிதாக ஒன்றை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, வாங்கிய காசைப் பில்லில் மிச்சம் பிடிக்கவே பல வருஷம் ஆகும். அவர்களுக்கு அந்த மலிவான ஹீட்டரே போதும், ஒரே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு, காற்று வீசுகிற நாளில் வீட்டைச் சுற்றி வந்தேன். படுக்கையறைக் கதவின் அடியில் பிடித்ததும் அது கொடி மாதிரி பறந்தது. அளந்தால் 1 சென்டிமீட்டர் இடுக்கு, கதவு அகலம் 90. அதாவது 90 சதுர சென்டிமீட்டர். சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தால் அன்றே ஆளைக் கூப்பிட்டிருப்பேன், அதே ஓட்டை கதவடியில் நீளமாகப் படுத்திருந்ததால் இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை. ஜன்னல் கண்ணாடியும் லேசுப்பட்டதில்லை. ஒற்றைக் கண்ணாடி, இரண்டு சதுர மீட்டர், உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 170 வாட் நிற்காமல் வெளியே போகிறது, ஒரு நாளைக்கு 4 யூனிட். கனமான திரைச்சீலை தரை வரை தொங்கினால் கொஞ்சம் தடுக்கும். பார்சலில் வருகிற குமிழ் பிளாஸ்டிக்கைக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டினால் இன்னும் தடுக்கும், அழகாக இருக்காது, என் மனைவிக்கு அதைப் பார்த்தாலே ஆகாது, பின்பக்க அறையில் மட்டும் அனுமதி. மேல்தளத்து வீடு என்றால் கூரைக்கடியில் இன்சுலேஷன் போடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம், வாடகை வீட்டில் இருக்கிற நாங்கள் அதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேஸ் எரிகிற அறையில் காற்று வரும் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

எத்தனை டிகிரி வைப்பது? வெளியே 6 டிகிரி இருக்கும்போது உள்ளே 21 என்றால் இடைவெளி 15, அதையே 19 ஆக்கினால் 13. வெளியேறுகிற சூடு இந்த இடைவெளிக்கு ஏற்பத்தான் கூடும் குறையும், ஆக 2 டிகிரிக்கு நூறில் பதின்மூன்று மிச்சம். உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 என்கிறது, வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அம்மா அறையில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அங்கேயும் ராத்திரி முழுக்க ஏசி ஓடுவதைவிட, படுப்பதற்கு அரைமணி முன்னால் மின்கம்பளியைப் போட்டு வைப்பதுதான் அம்மாவுக்குப் பிடிக்கிறது. அது 100 வாட்கூட இழுக்காது. அறையைச் சூடாக்கி அதன் வழியாக ஆளைச் சூடாக்குவது சுற்றுவழி.

இந்த வருஷ ஏற்பாடு இதுதான். எல்லாரும் மாலையில் ஒரே அறை, ஏசி 20-இல், கதவடியில் என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி உள்ளே கந்தல் துணியை அடைத்துத் தைத்த ஓர் உருளை. தைத்துக் கொடுத்தது அம்மாதான். "இப்பவாவது இது ஒரு காரியத்துக்கு ஆச்சே" என்று சொல்லிக்கொண்டே தைத்தார்.

போன வாரம் அக்கா மகன் வந்திருந்தான், புதிதாக வேலைக்குச் சேர்ந்து தனி அறை எடுத்திருக்கிறான். பரணில் இருக்கிற மூன்றையும் இறக்கி வரிசையாக வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றேன். மூன்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "மாமா, இதுல எது கரண்ட் கம்மியா இழுக்கும்?" என்று கேட்டான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு யூனிட் கரண்ட்டுங்கிறது என்னன்னா..." என்று ஆரம்பித்து 860-க்கு வருவதற்குள், அவன் ஃபேன் ஹீட்டரை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டான்.